பால்மாவு டப்பாவும் பாராளுமன்றமும்

மருந்துக் கடை அலமாரியில் சோப்பிலும் பவுடரிலும் தைலப் புட்டியிலும் கொழுகொழுவென்ற குழந்தை முகங்கள் சிரித்துக்கொண்டிருக்க, குழந்தைக்கென்றே தயாராகும் பால்மாவு டப்பாவின் மேல் மட்டும் குழந்தையின் படமோ தாயின் படமோ இல்லாதிருப்பதையும், தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்னும் வாசகத்தை அந்தச் சரக்கை விற்கிறவரே அச்சடித்து வைத்திருப்பதையும் பார்ப்பவர்கள், தன் சரக்கு இரண்டாம்பட்சமென்று தானே பறைசாற்றும் வியாபாரி உலகில் உண்டா என்று வியக்கக்கூடும். அப்படி எழுதவைத்தது வியாபாரியின் தர்மசிந்தை அன்று. 1992-ஆம் வருஷத்தில் நம் பாராளுமன்றம் இயற்றிய சட்டம். சிசுப்பால் மாற்றுப் பொருள்கள், பால்புட்டிகள், சிசு உணவுகள் ஆகியவற்றின் உற்பத்தியையும் விநியோகத்தையும் ஒழுங்குபடுத்தும் அந்தச் சட்டம் பிறந்த வரலாற்றை அறிந்தால், வாக்குரிமையோ சங்கமோ வாய்ச்சொல்லோ இல்லாத குழந்தைகளின் பொருட்டு ராஜாங்கக் கொள்கைகள் எவ்வாறு உருவாகின்றன என்பது விளங்கும்.

இலவச டப்பாவின் கணக்கு

தாயின் மார்பில் பால் சுரப்பது குழந்தை சப்புவதைப் பொறுத்தது. சப்பச் சப்பச் சுரக்கும், சப்பாவிட்டால் வற்றும். பால்மாவுக் கம்பெனிகள் உலகின் பல தேசங்களில் பல்லாண்டுகள் நடத்திய வியாபாரம் இந்த எளிய உண்மையின் மீதே நின்றது. பிரசவ ஆஸ்பத்திரியில் புதிதாய்ப் பிள்ளை பெற்றவளிடம், நர்சைப் போல் வெள்ளை உடுத்திய விற்பனைப் பெண் ஒருத்தி வந்து, இலவச டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த டப்பா தீர்வதற்குள் குழந்தை புட்டிக்குப் பழகிவிடும், தாய்ப்பாலும் குறைந்துவிடும், அடுத்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழியிராது. வசதியுள்ள வீட்டில் இது வீண் செலவோடு நின்றது. கூலிக்காரக் குடும்பத்திலோ, ஒரு டப்பாவை நாள் கூட்டி ஓட்டவேண்டிய நிர்ப்பந்தத்தால் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தார்கள்; அந்தத் தண்ணீரோ குளத்துத் தண்ணீர், புட்டியோ சரியாகக் கொதிக்கவைக்கப்படாதது. வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் மாறி மாறி வாட்ட, பிறக்கும்போது ஆரோக்கியமாக இருந்த சிசுக்கள் மெலிந்து மாண்டன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம். தாயை இழந்த குழந்தைக்கும், தாய்ப்பால் கொடுக்கக் கூடாதென்று வைத்தியர் தடுக்கும் சில நோய்நிலைகளிலும் பால்மாவு உயிர் காக்கும் பொருளே. அதன் விற்பனையை நம் சட்டம் தடுக்கவில்லை. தேவையில்லாத வீட்டுக்குள் அதைத் திணிக்கும் தந்திரத்தையே தடுக்க முற்பட்டது.

அறியாமை என்ற பழி

இத்தகைய மரணங்களுக்குத் தாய்மாரின் அறியாமையே காரணமென்று சொல்வது அக்காலத்தில் சுலபமாக இருந்தது. அந்தப் பழியைப் புரட்டிப் போட்டவர்களில் முன்னோடி ஸிஸலி வில்லியம்ஸ் என்னும் பெண் டாக்டர். ஜமைக்காவில் பிறந்து, ஆப்பிரிக்கக் கோல்ட் கோஸ்ட்டில் குழந்தைகளைப் பீடித்த குவாஷியார்க்கர் என்னும் புரதக்குறை நோயை வைத்திய உலகுக்கு விவரித்துப் புகழ்பெற்ற அவர், பின்னர் மலாயாவில் பணிபுரிந்த காலத்தில், 1939-ஆம் வருஷம் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். தவறான விளம்பரத்தால் தாய்ப்பாலை இழந்து சாகும் குழந்தைகளின் மரணத்தைக் கொலையென்றே கருதவேண்டும் என்று, வியாபாரப் பிரமுகர்கள் நிறைந்த அந்தச் சபையிலேயே அவர் துணிந்து கூறினார். தாயின் அறியாமையைத் திருத்த உபதேசம் செய்யலாம். ஆனால் வியாபாரியின் பிரசாரத்தைத் திருத்தச் சட்டம் வேண்டும். காரணத்தை இவ்வாறு இடம் மாற்றிக் காட்டியதே அந்தப் பேச்சின் பெருமை.

ஆயினும் அந்தப் பேச்சு பொதுஜன இயக்கமாக மாற முப்பத்தைந்து வருஷங்கள் பிடித்தன. 1974-இல் லண்டனில் ‘வார் ஆன் வாண்ட்’ என்னும் தர்ம ஸ்தாபனம் இதைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டது. அதை ஸ்விட்ஸர்லாந்தில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர்கள், நெஸ்லே கம்பெனி சிசுக்களைக் கொல்கிறது என்று தலைப்பையே மாற்றிப் போட, கம்பெனி மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தது. 1976-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அந்தத் தலைப்பு அவதூறுதான் என்று சிறு அபராதம் விதித்ததோடு, கம்பெனி தன் விளம்பர முறைகளை மறுபரிசீலனை செய்யவேண்டுமென்றும் எடுத்துரைத்தது. வழக்கில் வென்ற கம்பெனிக்கு அந்த வெற்றியே வினையாயிற்று. மறு வருஷம் அமெரிக்காவில் அதன் சரக்குகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கிப் பல தேசங்களுக்குப் பரவியது.

1981 மே மாதம் உலக சுகாதாரச் சபையில் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் வியாபாரத்துக்கான சர்வதேச ஒழுங்கு விதிகள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 118 தேசங்கள் ஆதரிக்க, அமெரிக்கா ஒன்றே எதிர்த்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

விதியிலிருந்து சட்டத்துக்கு

சர்வதேச விதி எவ்வளவு உயர்ந்ததாயினும், மீறுகிறவரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. நம் சர்க்கார் 1983-இல் தேசிய ஒழுங்கு விதிகளை ஏற்றுக்கொண்ட பிறகும், அவை சட்டமாக உருப்பெற ஒன்பது வருஷங்கள் ஆயின. குழந்தை வைத்தியர்களும், நுகர்வோர் அமைப்பினரும், மாதர் சங்கத்தினரும் அந்த ஒன்பது வருஷமும் விடாது மனுக் கொடுத்தும், எம்.பி.க்களைச் சந்தித்தும், பத்திரிகைகளில் எழுதியும் வற்புறுத்தியதன் பலனாகவே 1992 டிசம்பரில் சட்டம் நிறைவேறி, 1993 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது.

அதன் ஷரத்துக்களைப் படிப்பவர்கள், வியாபாரத் தந்திரம் ஒவ்வொன்றையும் எதிரில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்பதை உணர்வார்கள். விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, தாய்மாருக்குப் பரிசுப் பொருள் கூடாது, டப்பாவின் மேல் சிசுவின் படமோ பெண்ணின் படமோ கூடாது, தாய்ப்பாலுக்கு நிகரானது என்று தோன்றச்செய்யும் சொற்களும் கூடாது, விற்பனை அளவைக் கணக்கிட்டுச் சிப்பந்திகளுக்குக் கமிஷன் கொடுக்கவும் கூடாது. 2003-ஆம் வருஷத்துத் திருத்தம் இரண்டு வயது வரையிலான சிசு உணவுகளுக்கும் விளம்பரத் தடையை நீட்டியதுடன், வைத்தியர்களின் மாநாட்டுக்கோ ஆராய்ச்சிக்கோ கம்பெனிகள் பணம் கொடுப்பதையும் தடுத்தது. மீறினால் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பெரிய கம்பெனிக்கு இந்த அபராதம் சுண்டைக்காய் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் சர்க்கார் அதிகாரிகளோடு, சர்க்கார் அங்கீகரித்த தொண்டு ஸ்தாபனங்களும் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று ஓர் அபூர்வ ஏற்பாடும் இதில் உண்டு. இந்தியக் குழந்தை நல மன்றமும், தாய்ப்பாலூட்டலை வளர்க்கும் அமைப்பும் அந்த அதிகாரத்தைப் பெற்றவை. சட்டம் வேண்டுமென்று போராடியவர்களிடமே அதைக் காவல் காக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தது தீர்க்கதரிசனமான செய்கை.

சட்டம் எட்டாத இடம்

பலன் என்ன? 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் நிறையாத சிசுக்களில் தாய்ப்பால் மட்டுமே அருந்தியவை நூற்றுக்கு 54.9, 2019-21 ஆய்வில் அது 63.7 ஆயிற்று. இந்த உயர்வு முழுவதையும் ஒரு சட்டத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் வீடு வீடாய்ச் சென்று சொன்ன சொல்லுக்கும் அதில் பங்குண்டு. அதே பிந்திய ஆய்வில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 41.8 மட்டுமே. சிசேரியன் முடிந்து தாய் மயக்கம் தெளியுமுன் குழந்தையைப் பிரித்து வைக்கும் ஆஸ்பத்திரிப் பழக்கமும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைக்கும் வீட்டு வழக்கமும் வியாபாரச் சட்டத்தின் பிடிக்குள் அகப்படுபவை அல்ல.

அவற்றைவிடப் பெரிய குறை தாய்க்கு அவகாசம் இல்லாமை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகமும் வேண்டுமென விதித்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருஷ விடுப்பே உண்டு. 2015 முதல் நம் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் வந்திருக்கின்றன. ஆனால் நாற்று நடுபவளும், சித்தாள் வேலை பார்ப்பவளும், செங்கற் சூளையில் கல் அறுப்பவளும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளும் எந்த முதலாளியிடம் சம்பள விடுப்புக் கேட்பார்கள்? கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்று 2013-ஆம் வருஷத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வாக்களித்தது. 2017-இல் மத்திய சர்க்கார் கொணர்ந்த திட்டமோ அதை முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாயாகச் சுருக்கியது. முழுத் தொகை கிடைத்தாலும் ஆறு மாதக் கூலிக்கு அது எந்த மூலைக்கு? கூலியை இழக்க இயலாத தாய், பாட்டியிடமோ மூத்த பெண்ணிடமோ சிசுவைப் புட்டியோடு விட்டுப் போகிறாள். அவளுக்குத் தாய்ப்பாலின் மகிமையை உபதேசிப்பது அறியாமைப் பழியை மறுபடியும் அவள் தலையிலேயே சுமத்துவதாகும்.

விற்கிறவனின் கையைக் கட்டும் சட்டம் நமக்குக் கிடைத்துவிட்டது. ஊட்டுகிறவளின் கையை அவிழ்த்துவிடும் சட்டம் இனிமேல்தான் வரவேண்டும். அமைப்புசாராத் தொழிலாளரான தாய்மார் அனைவருக்கும், இழக்கும் கூலிக்கு ஈடாக ஆறு மாத உதவித்தொகையும், வேலைத்தலத்துக்கு அருகில் காப்பகமும் வேண்டும் என்று, தொகுதிக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் வாக்குரிமை உள்ளவர்கள் கேட்பதே அதற்கு ஆரம்பம்.