சிற்றுரு இருப்புப்பாதையும் மின் வடிகட்டிகளும்

இடுக்கி மாவட்டத்தில் இன்று இருப்புப்பாதை இல்லை. ஆயினும் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ஆம் ஆண்டு ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. 1908-இல் அது இரண்டடி அகலப் பாதையாக மாற்றப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் மலையுச்சிவரை வண்டியில் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கின. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அப்பாதையை அழித்துவிட்டது. வடக்கே பாலக்காட்டுக் கணவாயிலோ 1862 முதல் ரெயில் ஓடுகிறது. இன்று அங்கே 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்தால் வண்டிகள் இயங்குகின்றன. ரெயிலைக் காணாத மலைப்பகுதி மாணவருக்கு அதன் விஞ்ஞானத்தை விளக்க, மேசை மீது அமைக்கும் சிற்றுரு இருப்புப்பாதை தக்க கருவியாகும்.

வடிகட்டி என்பது யாது?

தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைகள் இலைத்தூளைப் பருமனுக்கேற்பப் பிரிக்கின்றன. மின் வடிகட்டியோ மின்னோட்டத்தை அதிர்வெண்ணுக்கேற்பப் பிரிக்கிறது. 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏறக்குறைய 31,800 ஓம் தடையைக் காட்டும். பத்து லட்சம் ஹெர்ட்ஸில் 1.6 ஓம் மட்டுமே காட்டும். கம்பிச்சுருளின் இயல்பு இதற்கு நேர்மாறானது.

சிற்றுரு எஞ்சினின் மோட்டாரில் கரித்துண்டுகள் உராயுமிடத்தில் நுண்ணிய பொறிகள் எழுகின்றன. நடு அலை வானொலிப் பெட்டியை அருகில் வைத்தால் அவற்றின் இரைச்சலைக் கேட்கலாம். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே மேற்கூறிய மின்தேக்கியை இணைத்தால் இரைச்சல் குறையும். இது வகுப்பறைக்கு ஏற்ற எளிய சோதனை.

எங்கும் பொருந்தும் மருந்தன்று

எண்முறைக் கட்டுப்பாட்டில் இதே மின்தேக்கி இடையூறாகும். அம்முறையில் கட்டளைகள் தண்டவாளத்தின் வழியே செல்கின்றன. ‘ஒன்று’ என்னும் குறிக்கு மின்னழுத்தத்தின் திசை 58 மைக்ரோ விநாடிக்கொரு முறை மாறுகிறது. பழைய எஞ்சின்களில் தண்டவாளத்திற்குக் குறுக்கே விடப்பட்ட மின்தேக்கிகள் பல சேர்ந்தால் குறிகளின் கூர்மை மழுங்கி, வண்டி கட்டளைக்குப் பணியாது. ஆதலால் அவற்றை அகற்றிவிட வேண்டும். நீண்ட கம்பியின் கடைசி முனையில் மட்டும் 100 ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைப்பது வழக்கம். அது கம்பியில் எழும் தேவையற்ற அலைவுகளை அடக்கும். மின்தடை சூடாகுமாதலால், இரண்டு வாட் தாங்கக்கூடியதாக இருத்தல் நன்று.

வண்டியைக் கண்டறிதல்

பாதையில் வண்டி நிற்கிறதா என்று அறியும் சுற்றில்தான் வடிகட்டியின் பொறுப்பு மிகுதி. பொறியின் இரைச்சலால், வண்டி நிற்கும் பாதை காலியாக உள்ளதென அச்சுற்று அறிவித்தால், பின்வரும் வண்டி மோதும். 10,000 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டியின் கால அளவு ஆயிரத்தில் ஒரு விநாடி. மைக்ரோ விநாடி நேரமே நீடிக்கும் இரைச்சல் அதில் அடங்கும். வண்டியின் குறி தங்கும். மின்தேக்கியை 100 மைக்ரோபாரடாக உயர்த்தினாலோ கால அளவு ஒரு விநாடியாகும். விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, அதற்குள் 20 சென்டிமீட்டர் கடந்துவிடும். வடிகட்டல் குறைந்தால் பொய்க்குறி. மிகுந்தால் காலங்கடந்த குறி.

பெரிய இருப்புப்பாதையிலும் இதே சிக்கல் உண்டு. மின்சார எஞ்சினின் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. அதே தண்டவாளத்தில் வண்டியைக் கண்டறியும் நேர்மின் சுற்று இருக்குமானால், மாறு மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பிச்சுருள் சேர்க்கப்படுகிறது. அன்றியும், பழுது நேர்ந்தால் கைகாட்டி சிவப்பையே காட்டுமாறு அச்சுற்று அமைக்கப்படுகிறது.

ஆசிரியர்கள் 12 வோல்ட் மின்கலத்தையே பயன்படுத்துக. வீட்டு மின்சாரத்தை மாணவர் தொடலாகாது. மின்தேக்கியின் அளவை ஒவ்வொரு முறையும் மாற்றி, குறி கிடைக்கும் நேரத்தை அட்டவணையில் எழுதச் செய்க. கைகாட்டியின் சிவப்பு விளக்குக்குப் பின்னே எத்தனை கணக்கு இருக்கிறதென்பதை அவ்வட்டவணையே மாணவருக்குக் காட்டும்.