கேப் வைன்: போத்தலில் எழுதப்படாத பெயர்கள்

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகருக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்களாக கொன்ஸ்டன்ஷியா, ஸ்டெலன்பொஷ், ஃபிரான்ஷூக் ஆகியவற்றின் திராட்சைத் தோட்டங்களைச் சொல்வார்கள். வளைந்த முகப்பு கொண்ட வெள்ளை நிற ஒல்லாந்து வீடுகள், பின்னால் மலை, முன்னால் வரிசை வரிசையாகக் கொடிகள். மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி 1688இல் வந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகள் இங்கு வைன் தொழிலை வளர்த்த கதையும் கூடவே சொல்லப்படும். அந்தக் கதை பொய்யல்ல. ஆனால் அதில் பாதிப் பேரைக் காணவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையின் தொடக்க ஆண்டு பழக்கமானது. 1658 யூன் மாதம் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பிடித்தது. அதே ஆண்டில்தான் அதே கம்பனியின் கேப் குடியேற்றத்தில் முதலாவது பெரிய அடிமைக் கூட்டம் கப்பலிலிருந்து இறக்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் தளபதி யான் ஃபான் ரீபெக் அங்கு முந்திரிகைக் கொடிகளை நட்டிருந்தார். 1659 பெப்ரவரி 2ஆம் திகதி கேப் திராட்சையிலிருந்து முதன்முறையாக வைன் பிழியப்பட்டதை அவரது நாட்குறிப்பு பதிவு செய்கிறது. மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்த கொய்கொய் மக்கள் ஒல்லாந்தருக்கு எதிராக முதலாவது போரைத் தொடங்கியதும் அதே 1659இல்தான்.

கொய்கொய் மக்களை அடிமைப்படுத்தக் கம்பனி அனுமதிக்கவில்லை. எனவே கூலியில்லாத கைகள் கடல் கடந்து வந்தன. 1652க்கும் 1808க்கும் இடையில் சுமார் 63,000 அடிமைகள் கேப்பிற்குக் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆபிரிக்கக் கரை, மடகஸ்கார், இன்றைய இந்தோனேசியா ஆகியவற்றுடன் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த பகுதியிலிருந்தும் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் வந்தனர். இவர்களுக்குக் கம்பனி புதுப்பெயர் வைத்தது. பின்னொட்டாக ஊர் வந்தது: ‘ஃபான் பெங்காலன்’, ‘ஃபான் சிலோன்’, சோழமண்டலக் கரையைப் பெரும்பாலும் குறிக்கும் ‘ஃபான் டி குஸ்ட்’. சிலருக்கு மாதத்தின் பெயரே பெயரானது. பெப்ரவரி, செப்டெம்பர் என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் கேப்பில் உண்டு. ஒருவருடைய சொந்தப் பெயரை அழித்துவிட்டு ஊரை மட்டும் விட்டுவைத்தது பதிவேட்டு வசதிக்காகத்தான். இன்று அவர்களைத் தேடுபவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தடயமும் அதுதான்.

1685இல் கொன்ஸ்டன்ஷியா நிலத்தைப் பெற்ற ஆளுநர் சைமன் ஃபான் டெர் ஸ்டெல்லின் கதை இன்னும் சிக்கலானது. அவருடைய தாய்வழிப் பாட்டி மோனிகா, இந்தியக் கரையோரத்தைச் சேர்ந்த, அடிமையாக இருந்து விடுதலையான பெண். பேரன் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தினார். அங்கு விளைந்த இனிப்பு வைன் பின்னர் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போனது. சென் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அனுப்பப்பட்டது.

1813இல் பிரித்தானியா கேப் வைனுக்கு வரிச்சலுகை அளித்தது. ஏற்றுமதி பெருகியது, தோட்டங்கள் விரிந்தன, அடிமைகளின் வேலைப்பளுவும் ஏறியது. 1834 டிசம்பர் 1ஆம் திகதி அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது ஏறத்தாழ 38,000 பேர் சட்டப்படி விடுதலை பெற்றனர். இழப்பீடு கிடைத்தது உடைமையாளர்களுக்கு. விடுதலையானவர்கள் ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அதே எசமானிடம் உழைக்க வேண்டியிருந்தது. நிலம் எவருக்கும் பகிரப்படவில்லை. ஆகவே 1838இலும் பலர் போய்ச் சேர்ந்தது பழைய தோட்டங்களிலேயே.

அங்கே அவர்களைக் கட்டிப்போட்டது ‘டொப்’ முறை. கூலியின் ஒரு பகுதியை மலிவு வைனாகக் கொடுப்பது, அதுவும் வேலை நாளில் பல தடவை. விற்க முடியாத வைனுக்கு ஒரு வழி, ஓடிவிடாத தொழிலாளிக்கு இன்னொரு வழி. எசமானுக்கு இரட்டை இலாபம். 1960களில் சட்டம் இதைத் தடை செய்தது, ஆனால் 1990கள் வரை பல தோட்டங்களில் தொடர்ந்தது. கர்ப்ப காலத்தில் தாய் அருந்தும் மதுவால் குழந்தைகளுக்கு ஏற்படும் பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் மேற்கு கேப்பின் திராட்சைக் கிராமங்களும் அடங்கும். குடிப்பழக்கம் அந்த மக்களின் இயல்பு என்று இன்றும் பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சு கூலிக் கணக்கேட்டை மறைக்கிறது.

2011இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் மேற்கு கேப்பின் பழ, வைன் தோட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மோசமான வீடுகள், குடிநீரோ கழிப்பறையோ இல்லாத வேலைத்தளங்கள், பாதுகாப்பின்றிக் கிருமிநாசினி தெளித்தல் என்று அது நீண்டது. மறுவருடம், 2012 நவம்பரில், டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கின் திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போது அவர்களது குறைந்தபட்ச நாட்கூலி 69 ரான்ட். கேட்டது 150. 2013 மார்ச்சில் அரசு நிர்ணயித்தது 105.