தொழில் தொடங்குமுன் தேர வேண்டியது

என்னிடம் தமிழ் கற்ற தம்பியொருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். அன்னையின் நகைகளை ஈடுவைத்துப் புதுத் தொழிலொன்று தொடங்கப் போவதாகவும், அதற்கொரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டுமென்றும் கூறினார். "யாருடைய குறையைத் தீர்க்கும் தொழில்?" என வினவினேன். தாம் ஆக்கவிருக்கும் கருவியின் திறத்தை விரித்துரைத்தாரேயன்றி, அதனை வேண்டி நிற்போர் இன்னாரென உரைத்தாரல்லர். வணிகம் அறியாத தமிழாசிரியன் இக்கட்டுரை எழுதுதற்கு அவ்வுரையாடலே காரணம்.

இப்பிழை பேரறிஞர்க்கும் நேர்வதே. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டீன் கேமன் என்பார், தானே சமநிலை பேணும் செக்வே என்னும் இருசில்லு வண்டியை வெளியிட்டார். விலை ஏறத்தாழ 5,000 டொலர். வியந்தோர் பலர், வாங்கினோர் சிலர். நடந்து செல்லத்தக்க தூரத்துக்கு அத்துணைப் பொருள் செலவிடப் பெரும்பாலோர் விரும்பவில்லை. நெடுந்தூரஞ் செல்வார்க்கு அவ்வண்டி போதவுமில்லை. 2020 இல் அதன் உற்பத்தி நின்றது.

கென்யாவில் நிகழ்ந்தது வேறு. சிறுகடன் பெற்றோர் தவணைப் பணத்தைக் கைத்தொலைபேசி வழியே செலுத்தும் முறையொன்றைச் சபாரிகொம் நிறுவனம் 2005 இல் சோதித்தது. மக்களோ அதனைக்கொண்டு ஒருவர்க்கொருவர் பணம் அனுப்பலாயினர். நகரில் உழைப்போர் அதுவரை ஊரிலுள்ள குடும்பத்தார்க்குப் பேருந்து வழியாகவும், பயணஞ் செல்வோர் கையிலும் பணங் கொடுத்தனுப்பி வந்தனர். தாமதத்தையும் களவச்சத்தையும் பொறுத்தே அனுப்பினர். நிறுவனத்தார் தம் முதற்கருத்தையே பற்றி நில்லாது, மக்கள் காட்டிய குறையை ஏற்று, 2007 மார்ச்சு மாதத்தில் எம்-பெசா சேவையைத் தொடங்கினர். ஓராண்டு நிறையுமுன் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் சேர்ந்தனர்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். மெய்யான குறையுடையார் தீர்வு வருமளவும் வாளாவிரார்; பணமும் காலமும் செலவிட்டு, ஏதேனுமொரு வழியால் அதனைச் சமாளித்துக்கொண்டே இருப்பர். ஆதலின், தொழில் தொடங்குவோர் நான்கு வினாக்களுக்கு விடை தேடுக. இக்குறை யாருக்குரியது? எத்துணை முறை நேர்கின்றது? இன்று அவர்கள் அதற்கு எவ்வளவு செலவிடுகின்றனர்? நாம் தருவது அதனினும் எளிதும் மலிவும் ஆகுமா? நண்பர் கூறும் பாராட்டை விடையாகக் கொள்ளற்க. அவர்கள் முன்னரே செலவிட்ட பணமே சான்று.

தம்பி அன்று பெயரின்றியே திரும்பினார். ஆறு திங்களின் பின் மீண்டும் வந்தார். நகைகள் ஈடுபோகவில்லை. முப்பது குடும்பத்தாரைக் கண்டு அவர்கள் கூறியவற்றையெல்லாம் எழுதிய அப்பியாசக் கொப்பியொன்று கையில் இருந்தது. பெயரை அவர் இன்னும் கேட்டாரல்லர்.