விரும்பி வருகிறார்களா, வேறு வழியில்லாமல் வருகிறார்களா?

கெப்பாலா பத்தாஸிலோ பெர்தாமிலோ கொஞ்சம் பழைய தாமான் ஒன்றுக்குள் நுழைந்து வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். ஆஸ்ட்ரோ தட்டுகள் இன்னமும் வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் துரு ஏறிவிட்டது. சிலவற்றின் கம்பி எதிலும் இணைக்கப்படாமல் சுவரில் தொங்குகிறது. வீட்டுக்குள் அதே குடும்பம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. படம் வந்து சேரும் வழிதான் மாறிவிட்டது.

இந்தத் தட்டுகளை நம் வீட்டுக் கூரைக்குக் கொண்டுவந்தவர் டான்ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன். 2024 நவம்பர் 28ஆம் தேதி தமது 86ஆவது வயதில் அவர் காலமானார். அப்போது அவருடைய சொத்து மதிப்பைப் பற்றி நிறையப் பேசினோம். அவர் நடத்திய நிறுவனங்களின் ஏற்ற இறக்கத்தில் இருக்கும் பாடத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும், அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கும் அந்தப் பாடம் தேவை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வானம் வரை

1938இல் பிரிக்பீல்ட்ஸில், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அங்குள்ள விவேகானந்தா பள்ளியிலும், பிறகு விக்டோரியா கல்விக்கழகத்திலும் படித்தார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1964இல் ஹார்வர்டில் வணிக நிர்வாகப் படிப்பை முடித்தார். எண்ணெய் வணிகத்தில் காலூன்றிய பிறகு கே.எல்.சி.சி., மெக்சிஸ், மியாசாட், ஆஸ்ட்ரோ என்று வரிசையாக இறங்கினார். பத்திரிகைகளுக்கு முகம் காட்டுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது.

1996 ஜனவரியில் மியாசாட்-1 செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தொடங்கியது. வானவில் அலைவரிசை வந்ததும் நம் வீடுகளில் என்ன நடந்தது என்பது அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதுவரை அரசாங்கத் தொலைக்காட்சியில் தமிழுக்கென ஒதுக்கிய நேரத்துக்காகக் காத்திருந்தோம். அதன் பிறகு நாள் முழுவதும் தமிழ். பிறகு சன் டிவியும் வந்து சேர்ந்தது. மழை பெய்தால் படம் நின்றுவிடும் என்று குறைபட்டுக்கொண்டே மாதாமாதம் கட்டணம் கட்டினோம்.

ஏன் கட்டினோம்? நிகழ்ச்சிகள் பிடித்திருந்தன, உண்மை. வேறு வழி இல்லை என்பதும் உண்மை. செயற்கைக்கோள் வழியாக நேரடியாக வீட்டுக்குத் தொலைக்காட்சி தரும் தனியுரிமை 2017 வரை ஆஸ்ட்ரோவிடமே இருந்தது. அப்படி ஓர் உரிமம் கொடுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. செயற்கைக்கோளுக்குக் கொட்டும் பணம் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். பாதுகாப்பு இல்லாமல் யாரும் அதில் பணம் போடமாட்டார்கள். ஆனால், பிடித்துப் போய்ப் பணம் கட்டுகிறவரையும் வழியில்லாமல் கட்டுகிறவரையும் கணக்குப் புத்தகம் பிரித்துக் காட்டாது. இரண்டு பேருடைய பணமும் ஒரே வரியில்தான் ஏறும்.

பாதை பொதுவானபோது

2010இல் டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை வந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ் மலேசியாவுக்குள் நுழைந்தது. படத்தை வீட்டுக்குக் கொண்டுவர இனி செயற்கைக்கோள் தேவையில்லை, இணையம் போதும் என்றாகிவிட்டது. சட்டவிரோத ஆண்ட்ராய்டு பெட்டிகளும் ஒரு பக்கம் பெருகின. ஒரு காலத்தில் நாட்டின் நான்கு வீடுகளில் மூன்றில் கால்பதித்திருந்த நிறுவனம் சரியத் தொடங்கியது.

பங்குச் சந்தை இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2012 அக்டோபரில் புர்சா மலேசியாவில் மீண்டும் பட்டியலிடப்பட்டபோது ஆஸ்ட்ரோவின் ஒரு பங்கு 3 ரிங்கிட். 2024 இறுதியில் அது 30 சென்னுக்கும் கீழே. 2019 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் ஏறத்தாழ 5.5 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த வருமானம், ஐந்தே ஆண்டுகளில் 3.5 பில்லியனுக்கும் கீழே இறங்கியது.

நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாதக் கட்டணம் இல்லாத என்ஜோயைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் கோ ஷாப்பைத் தொடங்கி, 2023இல் மூடியது. இணையத்தில் பார்க்க சூக்காவைத் தந்தது. எந்த நெட்ஃபிலிக்ஸ் தன் வாடிக்கையாளரை இழுத்துப் போனதோ, அதையே தன் பெட்டிக்குள் வைத்து விற்றது. எல்லாமே நல்ல முயற்சிகள்தாம். ஆனால், மக்கள் எதற்காகத் தன்னிடம் வருகிறார்கள் என்ற கேள்வியைத் தனியுரிமை இருந்த வசதியான காலத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வருமானம் இறங்கிய பிறகு கேட்டால், பதில் தேடுவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இந்தியாவில் எரிந்த பணம்

இதே தொழிலதிபரின் இன்னொரு அனுபவத்தைப் பாருங்கள். 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய கைப்பேசி நிறுவனம் ஏர்செல். சி. சிவசங்கரனிடமிருந்து அதன் 74 விழுக்காட்டுப் பங்கை 2006இல் மெக்சிஸ் வாங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் சட்டையில் பெயர் மின்னியது; இளைஞர்களுக்கான மலிவுத் திட்டங்கள் வந்தன. தென்னிந்தியாவில் வேர்விட்ட நிறுவனம் நாடு முழுவதும் பரவப் புறப்பட்டது. 2010இல் நடந்த மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் மட்டும் சுமார் 6,500 கோடி ரூபாயை அது செலவிட்டது.

ஏர்செல்லின் பலம் குறைந்த விலை. விலைக்காக வந்தவர், அதைவிடக் குறைந்த விலை கண்ணில் பட்டால் போய்விடுவார். 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ இலவச அழைப்பு, இலவச இணையம் என்று சந்தையில் இறங்கியது. இலவசத்துக்குக் கீழே இறக்க விலை ஏது? ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் திட்டமும் 2017 அக்டோபரில் முறிந்தது.

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சேவை திடீரென்று முடங்கியது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போவதற்காக மக்கள் கடைகளின் முன்னால் திரண்டார்கள். அந்த மாத இறுதியிலேயே நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடியது. ஆனந்த கிருஷ்ணன் இந்தியாவில் இழந்த தொகை 7 பில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்கு வரும் என்று செய்திகள் வந்தன.

மெக்சிஸ் நின்றது எப்படி?

அதே முதலாளியின் மெக்சிஸ் இங்கே நிலைத்து நின்றது. 2009 நவம்பரில் அது மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தபோது 11 பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் திரட்டியது. தென்கிழக்காசியாவில் அதுவரை நடந்த பங்கு வெளியீடுகளில் அதுவே ஆகப் பெரியது.

மெக்சிஸ் முதல் நாளிலிருந்தே செல்கோம், டிஜி போன்றவற்றோடு மோத வேண்டியிருந்தது. 2008இல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி மலேசியாவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரும் எந்த நேரமும் எழுந்து போகக்கூடியவர். போகக்கூடியவரை உட்கார வைக்க வேண்டுமென்றால் அலைவரிசை சரியாகக் கிடைக்க வேண்டும், தொலைபேசியில் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். போட்டி ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் பயிற்சி இதுதான். கதவு பூட்டியிருந்த காலத்தில் அந்தப் பயிற்சி கிடைக்காது.

நம் கடைக்கும் நமக்கும்

“இதெல்லாம் பில்லியன் கணக்கு, நமக்கென்ன?” என்று நினைக்கலாம். தாமான் முனையில் உள்ள மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வேறு கடை இல்லாததால் இருபது ஆண்டுகள் நன்றாக ஓடியிருக்கும். ஒருநாள் பேரங்காடி திறக்கிறார்கள். கைப்பேசியில் விரலை வைத்தால் அரிசி மூட்டை வாசலுக்கு வருகிறது. அந்தக் கடைக்காரர் விலையைக் குறைத்துப் போட்டி போட்டால், ஏர்செல்லுக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேரும். ஆனால், மாதக் கடைசியில் 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டு பொருள் கொடுப்பதும், பொங்கலுக்கு மண்பானையும் மஞ்சள் கொத்தும் மறக்காமல் வரவழைப்பதும், பாட்டி எந்த ரகப் பருப்பு வாங்குவார் என்று தெரிந்து வைத்திருப்பதும் எந்தச் செயலியிலும் இல்லை. அவருடைய உண்மையான முதல் அங்கேதான் இருக்கிறது.

வானொலி அறிவிப்பாளர்களாகிய எங்களுக்கும் இதே கேள்விதான். முன்பு காரில் ஏறினால் வானொலியைவிட்டால் வேறு துணை கிடையாது. இப்போது கைப்பேசியை இணைத்தால் உலகத்துப் பாட்டெல்லாம் வந்துவிடும். பாட்டுக்காக மட்டும் எங்களைக் கேட்டவர் போய்விடுவார். பட்டர்வொர்த் சாலை நெரிசலைப் பற்றியும், நம் பிள்ளைகளின் எஸ்.பி.எம். தேர்வைப் பற்றியும், நம் ஊர்த் தமிழில் யாராவது பேசக் கேட்க வேண்டும் என்பவர்தான் இருப்பார்.

ஆஸ்ட்ரோவின் சரிவில் நாம் கவலைப்பட வேண்டிய இடமும் இதுவே. சென்னைத் தொடரைக் காட்ட இன்று பத்து வழிகள் உண்டு. சுங்கைப் பட்டாணியில் நடக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை எடுக்க எத்தனை பேர் பணம் போடுவார்கள்? உள்ளூர்த் தமிழ் நாடகங்களை நம்பி நடிகர்களும், ஒளிப்பதிவாளர்களும், எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டு விழக்கூடிய இடம் அது. வேறு எங்கும் கிடைக்காத சரக்கும் அதுதான். அதை வெட்டும் நிறுவனம், மக்கள் தன்னிடம் தங்குவதற்கு இருக்கும் கடைசிக் காரணத்தையும் வெட்டிக்கொள்கிறது. நாமும் அந்த நாடகங்களைப் பார்த்து, பேசி, கேட்டு வாங்கினால்தான் அவற்றுக்குச் சந்தை இருக்கிறது என்று முதலாளிகளுக்குத் தெரியும்.

இந்த வார இறுதியில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். நீங்கள் கடைக்காரர் என்றால் உங்கள் வாடிக்கையாளர்கள், வேலையில் இருப்பவர் என்றால் உங்களை நம்பியிருக்கும் மேலாளரும் சக ஊழியர்களும் – ஒவ்வொருவராக எழுதுங்கள். நாளைக்கே வேறு வழி கிடைத்தாலும் உங்களிடமே வருவார் என்றால் இடப்பக்கம். போய்விடுவார் என்றால் வலப்பக்கம். வலப்பக்கம் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அவர்களை இடப்பக்கம் கொண்டுவரும் வேலையைத் திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கலாம். இன்னொரு கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.