மூன்று நாள் இருட்டுக்கு எவ்வளவு பேட்டரி?

டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருக்கும் எஸ்பியர்க், வடகடல் காற்றாலைகளின் கோபுரங்களும் இறக்கைகளும் கப்பலேறும் துறைமுகம். 2002-ல் எழுந்த ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைப் பண்ணை இதற்கு மேற்கே கடலுக்குள்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட ஊரில் இன்வெர்ட்டர் எதற்கு என்று கேட்பது நியாயமே. டென்மார்க்கில் ஒரு வீட்டுக்கு மின்சாரம் நிற்கும் நேரம் ஆண்டுச் சராசரியில் அரை மணியைத் தொடுவதில்லை. 2012-ல் தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் 2022-ல் இலங்கையிலும் ஒரே நாளில் போன நேரத்தோடு ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும்.

ஆனாலும் 2024 ஜூனில் டென்மார்க்கின் பேரிடர் முகமை வீடுகளுக்கு ஓர் அறிவுரை சொன்னது: யார் உதவியும் இல்லாமல் மூன்று நாள் சமாளிக்கத் தயாராக இருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, டார்ச், பேட்டரி ரேடியோ, பவர் பேங்க் என்று பட்டியலும் வந்தது. போரும் சைபர் தாக்குதலும் பற்றிய பயம் ஒரு பக்கம். இந்தக் கரைக்குப் புயலும் உண்டு. 1999 டிசம்பர் 3 அன்று அடித்த சூறாவளியில், எஸ்பியர்க்குக்குத் தெற்கே ரோமோ தீவில் இருந்த காற்றுமானி வினாடிக்கு 51 மீட்டரைக் காட்டிவிட்டுப் பழுதாகிப்போனது.

நம்மூர்ப் பழக்கத்தில் யோசித்தால் உடனே மனதுக்கு வருவது 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும். அந்த ஜோடி தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போய், வந்ததும் சார்ஜ் ஏறுவதற்காகப் பிறந்தது. எஸ்பியர்க்கில் பேட்டரி ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். பிறகு ஒருநாள், நடுவில் சார்ஜே ஏறாமல் 72 மணி நேரம் தாங்க வேண்டும். ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மூலையில் போட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து, தேவைப்படும் நாளில் கைவிடும். சார்ஜிலேயே வைத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். குளிருக்கு ஜன்னலை அடைத்து வாழும் அடுக்கக வீட்டில் அதற்கு ஏது இடம்? தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் லைன் இழுப்பதும் நடக்காது. சுவருக்குள் போகும் ஒயரிங்கில் கைவைக்க அங்கே உரிமம் பெற்ற நிறுவனம் வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் கணக்கு. டிசம்பரில் எஸ்பியர்க்கில் சூரியன் காலை ஒன்பதையொட்டி எழுந்து மாலை நான்குக்குள் விழுந்துவிடும். 6 வாட் எல்இடி விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 60 வாட்-மணி. 3 வாட் ரேடியோ 4 மணி நேரத்துக்கு 12. இரண்டு செல்போன்களை ஒருமுறை நிரப்ப 28. மொத்தம் 100, மூன்று நாளுக்கு 300.

இனி கெட்டிலைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 100 வாட்-மணிக்கு மேல் போகிறது. ஒரு தடவை டீ போட்டால் ஒரு நாள் வெளிச்சமும் செய்தியும் தொலைபேசியும் போச்சு. சூடு உண்டாக்கும் எதையும் பேட்டரியில் மாட்டக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். டீக்குச் சின்னக் கேஸ் அடுப்பு போதும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

கெட்டிலாவது சத்தம் போடும். சத்தமில்லாமல் தின்பவை இரண்டு. 12 வாட் வைஃபை ரவுட்டர் நாள் முழுக்க ஓடினால் 288 வாட்-மணி, மேலே சொன்ன மூன்று நாள் தேவைக்குக் கிட்டத்தட்டச் சமம். அடுத்தது இன்வெர்ட்டரேதான். எதையும் மாட்டாமல் ஆன் செய்து வைத்தாலே பல இன்வெர்ட்டர்கள் 8 வாட் வரை இழுக்கும். 24 மணி நேரத்தில் 192. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, சார்ஜர் அதை மறுபடி 5 வோல்ட்டாக இறக்குவது வீண் வேலை. யுஎஸ்பி விளக்கு, யுஎஸ்பி ரேடியோ என்று வாங்கினால் இன்வெர்ட்டர் பெரும்பாலும் அணைந்தே கிடக்கலாம். 1990-களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களில் சிலர் இன்று டென்மார்க்கின் யூட்லாந்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பவர் பேங்க்கில் 20,000 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். உள்ளே 3.7 வோல்ட் என்பதால் அது 74 வாட்-மணிதான். கைக்கு வருவது 60 சொச்சம். ஐந்து இருந்தால் மேலே சொன்ன கணக்கு முடிந்தது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவருக்கான கருவியோ லேப்டாப்போ இருக்கும் வீட்டுக்கு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நல்லது. 12.8 வோல்ட், 50 ஏஎச் என்றால் 640 வாட்-மணி. கூடவே 300 வாட் ‘பியூர் சைன் வேவ்’ இன்வெர்ட்டர். மலிவான சதுர அலை வகையில் மோட்டார் உள்ளவை உறுமும், சூடாகும். மருத்துவக் கருவியை அதில் மாட்டவே கூடாது. இந்த பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும் என்பதால் தோட்டக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் வைப்பதே சரி.

வீட்டைச் சூடாக்குவது மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. எஸ்பியர்க் வீடுகளுக்குச் சூடு அனுப்பிய நிலக்கரி நிலையம் 2024-ல் மூடப்பட்டு, கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் 70 மெகாவாட் வெப்பப் பம்ப் வந்துவிட்டது. அதுவும் மின்சாரத்தில் ஓடுவதுதான். அந்த 640 வாட்-மணி பேட்டரியில் 1,500 வாட் ஹீட்டரை ஓட்ட முடிந்தாலும் அரை மணிகூடத் தாங்காது. அதற்குக் கம்பளிதான்.

வாங்கியதும் ஒரு சனிக்கிழமை மாலை மெயினை அணைத்துவிட்டு, எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதிப் பார்க்கலாம். பவர் பேங்குகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிரப்பி, நிரப்பிய தேதியை மேலேயே ஒட்டி வைத்தால் போதும்.