பல லினக்ஸ் வழங்கல்களின் பல்துவக்கம்

ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட லினக்ஸ் வழங்கல்களை நிறுவி, கணினியைத் துவக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இயக்கும் முறை பல்துவக்கம் எனப்படும். எடுத்துக்காட்டாக, டெபியன், ஃபெடோரா ஆகிய இரண்டையும் ஒரே வன்தட்டின் வெவ்வேறு பிரிவுகளில் நிறுவலாம். மெய்நிகர் கணினியைப் போலன்றி, இம்முறையில் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம் மட்டுமே இயங்கும். எவற்றை வழங்கல்களுக்கிடையே பகிரலாம், எவற்றைப் பிரித்துவைக்க வேண்டும் என்பதை நிறுவலுக்கு முன்பே முடிவு செய்தல் வேண்டும்.

வன்தட்டுப் பிரிவுகள்

ஒவ்வொரு வழங்கலுக்கும் தனித்தனி மூலப் பிரிவு தேவை. பழைய எம்பிஆர் அட்டவணையில் நான்கு முதன்மைப் பிரிவுகளே அமைக்க இயலும். ஜிபிடி அட்டவணையில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை அமைக்கலாம்.

துவக்க ஏற்றி

பயாஸ் கணினிகளில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் ஒரு துவக்க ஏற்றிக்கே இடமுண்டு. ஆகவே பின்னர் நிறுவப்படும் வழங்கல் முந்தையதன் ஏற்றியை அழித்து எழுதக்கூடும். யூஇஎஃப்ஐ கணினிகளில் ஒவ்வொரு வழங்கலும் பொதுவான துவக்கப் பிரிவில் தனி அடைவைப் பெறுவதால் இச்சிக்கல் குறைகிறது.

டெபியனின் க்ரப் பட்டியல் வழியாக ஃபெடோரா துவக்கப்படுவதாகக் கொள்வோம். ஃபெடோராவில் புதிய கருனி நிறுவப்பட்டாலும் டெபியனின் பட்டியல் தானாக மாறாது. பாதுகாப்புத் திருத்தம் கொண்ட கருனி வன்தட்டில் இருந்தும், பழைய கருனியே தொடர்ந்து இயங்கும். அப்பழைய கருனி நீக்கப்பட்ட பின் ஃபெடோரா துவங்காது. இதனைத் தவிர்க்க, டெபியனில் க்ரப் பட்டியலை மீண்டும் உருவாக்கலாம் அல்லது ஃபெடோராவின் ஏற்றியையே அழைக்குமாறு பட்டியலை அமைக்கலாம். பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி, 2021இல் வெளியான க்ரப் 2.06 முதல் இயல்பாக முடக்கப்பட்டுள்ளது. தேவையெனில் அமைப்புக் கோப்பில் அதனைச் செயற்படுத்த வேண்டும்.

பகிரப்படும் பிரிவுகள்

இடமாற்றுப் பிரிவைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நினைவகத்தின் உள்ளடக்கத்தை அப்பிரிவில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் உறக்கநிலையைப் பயன்படுத்துவோர் அதனைப் பகிர்தல் கூடாது. மற்றொரு வழங்கலைத் துவக்கினால், சேமிக்கப்பட்ட அந்நிலை அழிந்து, முடிக்கப்படாத பணிகள் இழக்கப்படும். உறங்கும் வழங்கல் பயன்படுத்திவந்த தரவுப் பிரிவை மற்றொன்று திறந்து எழுதினால் கோப்பு முறைமையே சிதையக்கூடும்.

பயனர் அடைவைப் பகிர்வதிலும் சிக்கல் உண்டு. லினக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அன்றி எண்ணால் அறிகிறது. டெபியனில் முதற்பயனரின் எண் 1000. ஃபெடோராவில் 2011இல் வெளியான 16ஆம் பதிப்புக்கு முன் அது 500 ஆக இருந்தது. எண்கள் ஒத்திருந்தாலும், ஒரு செயலியின் புதிய பதிப்பு மாற்றியெழுதும் அமைப்புக் கோப்பைப் பழைய பதிப்பு படிக்க இயலாமல் போகலாம். ஆகையால் பயனர் அடைவுகளைத் தனித்தனியாக வைத்து, ஆவணங்கள், படங்கள் முதலியவற்றுக்கு மட்டும் பொதுவான தரவுப் பிரிவு ஒன்றை அமைப்பது பாதுகாப்பானது.