மூக்கால் தீர்ப்புச் சொல்லும் உத்தியோகம்!

வளைகுடாவிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்த ஸ்காட்ச் பாட்டிலை, "இருக்க இருக்கத்தான் இதற்கு மவுசு" என்று பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் நம்மவர்களில் அநேகர். பத்து வருடம் பூட்டி வைத்தாலும் அந்தச் சரக்குக்கு ஒரு நாள்கூட வயது கூடாது. விஸ்கிக்கு வயது ஏறுவது மரப் பீப்பாயில்தான். பாட்டிலில் அடைத்த அன்றே அதன் வயது நின்றுவிடும். மூடி தளர்ந்திருந்தால் ஆவியாகிக் குறையவும் செய்யும்.

லேபிளில் 21 என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன பொருள்? முளைகட்டிய வாற்கோதுமையில் வடித்த மால்ட் விஸ்கியும், சோளம் அல்லது கோதுமையில் வடித்த கிரெயின் விஸ்கியும் சேர்ந்ததே கலவை ஸ்காட்ச். அப்படிக் கலந்த சரக்குகளில் எல்லாவற்றிலும் இளையதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சராசரிக் கணக்கு செல்லாது. 2009-ம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிகள் இதைக் கண்டிப்பாகச் சொல்கின்றன. ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், குறைந்தது 3 வருடம் கிடந்தால்தான் ஸ்காட்ச் என்ற பெயரே கிடைக்கும்.

எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவையொட்டி 1953-ல் வந்த 'ராயல் சல்யூட்' 21 வருடச் சரக்கு. 21 பீரங்கிக் குண்டு மரியாதையை நினைத்து வைத்த பெயர் அது. விலை ஏன் அவ்வளவு என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக் குளிரில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குப் பெயர். 200 லிட்டர் ஊற்றி வைத்தால் 21 வருடம் கழித்துச் சுமார் 131 லிட்டர்தான் மிஞ்சும். நம் பெங்களூர் வெயிலிலோ தேவதைகளுக்குப் பேராசை. வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேலேயே போய்விடும். இங்கே தயாராகி 2004-ல் கிளாஸ்கோ நகரில் அறிமுகமான 'அம்ருத்' மால்ட் விஸ்கிக்கு நீண்ட வயது தேவைப்படாததற்கும் இதே வெயில்தான் காரணம்.

இனி, ருசி பார்க்கும் விதத்துக்கு வருவோம். 'மாஸ்டர் பிளெண்டர்' எனப்படும் கலவை நிபுணர் குடிப்பதே அபூர்வம். அவருக்கு மூக்குதான் மூலதனம். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் சேர்த்து 20 சதவீத அளவுக்கு இறக்கி முகர்ந்து பார்ப்பார். முழு வீரியத்தில் முகர்ந்தால் மூக்கு மரத்துப் போகும். தண்ணீர் விடுவது பட்டிக்காட்டுப் பழக்கம் என்று கேலி செய்பவர்களுக்கு ஒரு செய்தி: புகை வாசனை தரும் 'குவாயகால்' என்ற பொருள், தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கம்ப்யூட்டர் கணக்கில் காட்டினார்கள்.

முகர்ந்தால் என்னென்ன தெரியும்? அமெரிக்க ஓக் மரம் தேங்காய் மணமும் வெனிலா மணமும் தரும். லேசாகக் கிராம்பும் எட்டிப் பார்க்கும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் என்றால் உலர்ந்த திராட்சை. பீட் என்ற சதுப்பு நிலக் கரிமண்ணை எரித்து உலர்த்திய மால்ட் என்றால் புகையும் ஆஸ்பத்திரி மருந்து வாடையும். நிறத்தைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. கேரமல் சேர்த்து நிறமேற்றச் சட்டமே அனுமதிக்கிறது.

வயது அதிகமானால் சிறப்பு என்பதும் முழு உண்மையல்ல. அளவுக்கு மீறிக் கிடந்த சரக்கில் மரத்தின் துவர்ப்பு ஏறி, வெகுநேரம் கொதித்த டீயைப் போல் நாக்கைப் பிடிக்கும். விழுங்கிய பிறகும் மணம் இதமாக நெடுநேரம் நிற்கிறதா, கசப்பு மட்டும் தங்குகிறதா என்பதே நல்ல பரீட்சை. இதில் தேறும் 12 வருடச் சரக்கு, தேறாத 25 வருடத்தைவிட மேல் என்பது என் கட்சி.

ஒன்று மறந்துவிட்டேனே! காலியான சீமை பாட்டிலுக்குப் பழைய சாமான் கடையில் தனி விலை கிடைக்கிறது. மட்டச் சரக்கை நிரப்பி விற்பவர்கள் தேடுவது அதைத்தான். போடுவதற்கு முன் லேபிளைச் சுரண்டி, மூடியை நசுக்கிவிடுங்கள்.